ராஜாவுக்கு அழுத என் மகனுக்கு

பெரியசாமிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை. உன் அப்பாவுக்கு மிளகாய் நெடியில் தும்மல், எனக்கு உன்மேல் கோபம், இதுதான் வீட்டுச் செய்தி. கோபத்தில் எழுதாதே, ஆறட்டும் என்று உன் அப்பா சொல்கிறார். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். ட்ரங்க் கால் போட்டுத் திட்டலாம் என்றால் நீ போனை எடுக்க மாட்டாய், பக்கத்து மேஜைக்காரரை எடுக்கச் சொல்லிவிட்டு வெளியே டீ குடிக்கப் போய்விடுவாய். அதனால் நம் மிளகாய் மண்டியிலிருந்து பெரிய வெள்ளைத்தாளாக எடுத்து வரச் சொல்லி உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி. பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய் என்று தெரிந்தால் நானே ரயில் ஏறி மெட்ராசுக்கு வந்துவிடுவேன்.

உன் இன்லண்ட் லெட்டர் வந்தது. அதில் எழுதுகிற இடம் மொத்தத்தையும் ஒரு சினிமாவுக்குக் கொடுத்திருக்கிறாய். திக்குவாயாகப் பிறந்த இளவரசனாம், அவன் கஷ்டப்பட்டுப் பேச்சு வரவழைத்து ராஜா ஆகிறானாம். "அம்மா, நான் தியேட்டர்ல அழுதுட்டேன். எனக்காகவே எடுத்த மாதிரி இருந்துச்சு. படம் தூத்துக்குடிக்கு வந்ததும் அப்பாவைக் கூட்டிட்டுப் போயிக் கட்டாயம் பாரு" என்று எழுதியிருந்தாய். பிள்ளை மனசு விட்டு எழுதியிருக்கிறானே என்று எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது. அப்புறம்தான் ஒட்டுவதற்காக மடிக்கிற ஓரத்தைப் பார்த்தேன். பசை படாத இடமாகப் பார்த்து, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இன்னொரு சேதி: "திருச்செந்தூர்ப் பொண்ணு வேண்டாம். ஒத்து வராது. ரெண்டு பேருக்கும் இப்படின்னா நாலு பேர் சிரிப்பாங்க. நீயே போயிப் பக்குவமாச் சொல்லிரு." சினிமா ராஜாவுக்கு முழு லெட்டர், அந்தப் பெண்ணுக்கு மடிப்பு ஓரம். இதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா?

படம் சென்ற வாரம் இங்கே வந்தது. உன் பேச்சைத் தட்டாமல் உன் அப்பாவை இழுத்துக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போனேன். பட்டப்பகலில் மண்டியை விட்டுவிட்டு அந்த மனுஷர் வெளியே வந்ததே பெரிய அதிசயம். படத்தில் அரண்மனை நன்றாக இருந்தது, குதிரை நன்றாக இருந்தது, இளவரசனாக வருகிறவனுக்கு உதட்டுச் சாயம்தான் கொஞ்சம் கூடுதல். சபையில் அவன் எழுந்து நின்று முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு முழிக்கிறான், மந்திரிகள் மீசைக்குள் சிரிக்கிறார்கள். அவர்கள் காசு வாங்கிக்கொண்டு சிரிப்பவர்கள், போகட்டும். கொட்டகையே சிரித்தது. பெஞ்சு டிக்கெட்டில் ஒருவன் அதே மாதிரி திக்கிக் காட்டினான், அதற்கு ஒரு விசில். எங்கள் வரிசையில் இருந்த பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். பிறகு காட்டில் ஒரு முனிவர், வாயில் கூழாங்கல், அருவிக்கரையில் ஒரு பாட்டு. கடைசியில் எதிரி வாசலுக்கு வந்ததும் கோட்டைச் சுவரில் ஏறி நின்று மூச்சு விடாமல் முழங்குகிறான். திக்கு எந்தப் பக்கம் போயிற்றோ தெரியவில்லை. கிரீடத்தை வைத்தார்கள். முதலில் சிரித்த அதே ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் உன் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. திக்கு போன பிறகுதானே அவன் தலையில் கிரீடம் வைத்தார்கள்? போகாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அவன் அதே திக்கோடு, ஒவ்வொரு வார்த்தையிலும் நின்று நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தால், அந்தப் படையில் ஒருவனாவது வாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டிருப்பானா? அந்தப் படத்தை எடுத்தால் ஒருவனும் டிக்கெட் வாங்க மாட்டான். நீயும் போயிருக்க மாட்டாய். வெளியே வந்து குதிரை வண்டிக்கு நிற்கும்போது உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏளா, ஒரு வார்த்தை சொல்லுததுக்கு அந்தப் பய என்ன பாடு பட்டுட்டான் பாத்தியா" என்றார். "பாத்தேன். தோணிப் பலகை பக்கத்துல நின்னு ஒருத்தன் பட்ட பாட்டையும் இதே கண்ணாலதான் பாத்தேன். அன்னைக்கு உங்க கண்ணுல தண்ணி வரலியே" என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி வேண்டாம் என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

உனக்கு அது மறந்திருக்காது. ஆனால் மறந்தவன் மாதிரி நடந்துகொள்வதால் சொல்கிறேன். நம் மண்டியில் எதை எண்ணினாலும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. முதல் உருப்படிக்கு லாபம் என்று சொல்லிவிட்டு அடுத்ததை ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டு போவோம். கொழும்புத் தோணிக்கு வத்தல் மூட்டை ஏற்றும்போது அந்த லாபத்தை வீட்டு ஆண்பிள்ளை வாயால் சொன்னால் விசேஷம் என்று உன் அப்பாவுக்கு ஒரு நினைப்பு. நீ அரைக்கால் டவுசர் போட்ட வயது. நான் மத்தியானச் சோற்றைக் கொண்டுவந்துவிட்டு பழைய துறைமுகத்தில் ஓரமாக நின்றிருந்தேன். முதல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரு சுமைக்காரர் பலகையில் நிற்கிறார், நீ சொன்னால்தான் அவர் காலை எடுத்து வைக்க வேண்டும். "லா… லா…" என்று நீ நிற்கிறாய். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கட்டிவிட்டது. "சின்ன மொதலாளி, நீங்க சொல்லி முடிக்குததுக்குள்ள தோணி கொழும்புக்குப் போயிட்டுத் திரும்பி வந்துரும் போலிருக்கே" என்றார் அவர். அத்தனை பேரும் சிரித்தார்கள். உன் அப்பா பாய்ந்து வந்து தானே "லாபம்" என்று கத்திவிட்டு, உன்னைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "மொத வார்த்தையே உடைஞ்சா யாவாரம் உடைஞ்சிரும்லே. நீ உள்ள போயி மூட்டை தைக்குதவங்க கூட இரு" என்றார். அதற்குப் பிறகு துறைமுகப் பக்கம் உன்னைக் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் போட்ட சண்டையில் தெருவே கூடியது, அது உனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். திக்கை உன்னால் விட முடியவில்லை, திக்குகிற வார்த்தையை விட்டுவிட்டாய். பேச்சுக்கு நடுவில் வந்தால் அந்த வார்த்தை ஓடிவிடும், தொடக்கத்தில் வந்தால்தான் உனக்கு அடைக்கும். அதனால் எதைத் தொடங்கினாலும் சுளுவான வார்த்தையாகப் பார்த்துத் தொடங்குவாய். பால் வாங்கி வா என்றால் கடையில் போய் "காப்பிக்கு ஊத்துறது குடுங்க" என்பாய். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் தெரியாது என்று சொல்லி அடி வாங்குவாய். கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அங்கே உன்னை எல்லோரும் சாமி, சாமி என்று கூப்பிடுவதை நான் வந்திருந்தபோது கேட்டேன். உன் தாத்தா பேரை முழுசாக வைத்தது நாங்கள், பாதியாக வெட்டிக்கொண்டது நீ. அதுகூட உன் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வார்த்தைக்கு ஒன்றாவது மாற்றிப் போட்டுப் பேசுகிற மண்டை எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று மனசுக்குள் பெருமையடித்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். வடிவின் அப்பா திருச்செந்தூரில் சில்லுக்கருப்பட்டிக் கடை வைத்திருப்பவர். ஜாதகத்தைக் கையில் கொடுத்த அன்றைக்கே, காப்பித் தம்ளரைத் தொடாமல், "தங்கச்சி, எம் பிள்ளைக்குப் பேச்சு திக்கும். பொறவு தெரிஞ்சு ஒரு பேச்சு வரப்பிடாது, அதான் முன்னாலயே சொல்லிப்புடுதேன்" என்றார். எம் பிள்ளைக்கும்தான் அண்ணாச்சி என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. நீதான் கட்டளை போட்டிருந்தாயே, "என் பேச்சைப் பத்தி எந்தப் பொண்ணு வீட்டுலயும் மூச்சு விடப்பிடாது" என்று. மூச்சு விடவில்லை. உண்மையைச் சொன்ன மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், மறைத்த நான் தலையை நிமிர்த்திக்கொண்டு "காப்பியைக் குடிங்க" என்கிறேன். இந்த வயதில் என்னை இப்படி ஒரு நிலைமையில் நிறுத்தியது நீ. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. உலகத்தில் யார் வேண்டாம் என்றாலும் என் பிள்ளை இந்தக் காரணத்துக்காக ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்ல மாட்டான் என்று நம்பினேன். நீ லீவில் வந்து, பெண் பார்க்கத் திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போகும்போது உன்னிடம் விஷயத்தைச் சொன்னேன். நீ முத்தையாபுரம் தாண்டுகிற வரைக்கும் உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

வீட்டுக்குப் போய் உட்காராமல் கோயிலில் வைத்துச் சாதாரணமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு குடும்பமும் பேசி வைத்திருந்தோம். சந்நிதியில் அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு உன்னிடம், "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார். உனக்கு உதடு ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். ஒரு இருமல் இருமினாய். பிறகு கையைக் கூப்பி, "சாமி பேருக்கே செஞ்சிருங்க" என்றாய். என்ன அடக்கமான பிள்ளை, தனக்கென்று எதுவும் கேட்கவில்லையே என்று வடிவின் அம்மா பூரித்துப் போனாள். அடுத்தது வடிவின் முறை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது, "நகருங்க, நகருங்க" என்று சத்தம். அவள் "வ… வ…" என்று நின்றாள். அர்ச்சகர் தட்டோடு நிற்கிறார். யாரோ ஒரு பொம்பளை களுக்கென்று சிரித்தாள். வடிவு யாரையும் திரும்பிப் பார்க்காமல், கண்ணை மூடாமல், அதே எழுத்தில் நின்று போராடி "வடிவு" என்று சொல்லி முடித்து, நட்சத்திரத்தையும் சொன்னாள். நான் சாமியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும் வெயில், ரயிலுக்கு நேரமாகிறது, எழுதுகிறேன் என்று கிளம்பிவிட்டாய்.

நீ எழுதியதன் அர்த்தம் எனக்குப் புரிகிறது. நாலு பேர் சிரிப்பார்கள் என்கிறாய். யார் அந்த நாலு பேர்? கொட்டகையில் இளவரசனைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே? அவர்கள் கூட உட்கார்ந்து அழுதுவிட்டு, அவர்கள் கட்சியிலேயே சேர்ந்துகொண்டாய். பெண் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அதை நான் கேள்வி கேட்க மாட்டேன். நிறம் பிடிக்கவில்லை, உயரம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் திட்டிவிட்டு வேறு இடம் பார்த்திருப்பேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதற்கு என்னென்னவோ வேண்டும், அதில் தட்டுத் தடங்கல் இல்லாத பேச்சு எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று நினைக்கிறாய்? தடங்கல் இல்லாமல் பேசுகிற உன் அப்பாவோடு இத்தனை வருஷம் இருந்தவள் நான், என்னிடம் கேள்.

படம் பார்த்த மறுநாள் காலை பஸ்ஸில் திருச்செந்தூர் போனேன், நீ சொன்னபடி பக்குவமாகச் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். கடை அப்போதுதான் திறந்திருந்தார்கள். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த கருப்பட்டிப் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்குகிற நேரம். முதல் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வேலையாள் நிற்கிறார். எண்ண வேண்டியவள் வடிவு. "லா…" என்றாள், நின்றாள், மூச்சை இழுத்துக்கொண்டாள், மறுபடி "லா… லா…" என்றாள். அந்த ஆள் சிரிக்கவில்லை, பெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, தெருவில் போகிற காவடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார். அவள் "லாபம்" என்று முடித்த பிறகு பெட்டி இறங்கியது, எண்ணிக்கை ஓடியது. "தினமும் இவளா அண்ணாச்சி சொல்லுதா?" என்று அவள் அப்பாவைக் கேட்டேன். "ஆமா தங்கச்சி, கடை ஆரம்பிச்சதுல இருந்து எங்க வீட்டுப் பிள்ளைதான் சொல்லும். இவளுக்குக் கொஞ்சம் நேரமாவும். ஆனா என்ன, நாம ரயிலுக்கா ஓடப்போறோம்?" என்று சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு உன் அப்பாவை நினைத்து வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன், அவர் அன்று சாப்பிடவில்லை. சாப்பிடாமலே இருக்கட்டும் என்று நானும் கூப்பிடவில்லை.

வடிவு என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பலகை போட்டு உட்கார வைத்தாள். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் என் வாயில் வரவில்லை. என்ன என்று சொல்வது? உன்னைப் பார்த்தால் என் மகனுக்குத் தன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, அதனால் வேண்டாம் என்கிறான் என்றா? நான் முழித்துக்கொண்டிருக்கும்போது அவளே கேட்டாள். "அத்தை, அ… அவங்களுக்கும் திக்கும், இல்லியா?" நான் பொய் சொல்லவில்லை. உன் கட்டளை அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. "ஆமா தாயி. ஒனக்கு யாரு சொன்னா?" என்றேன். அவள் சிரித்தாள். "சாமி பேருக்கே செஞ்சிருங்கன்னு சொன்னாங்கள்லா, அப்பவே தெரிஞ்சுட்டு. மாப்பிள்ளைக்கு என்ன பக்தின்னு அம்மா சொல்லிக்கிட்டே வாரா, எனக்குச் சி… சிரிப்பு வந்துட்டு. நானும் அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் அத்தை. எத்தனையோ நாளு எம் பேருக்கு அர்ச்சனையே கிடையாது. பொறவு ஒரு நாள் கோவம் வந்துட்டு. எல்லாரு பேரும் முருகனுக்குத் தெரியுது, எ… எம் பேரு மட்டும் ஏன் தெரியப்பிடாதுன்னு."

அப்புறம் அவள் சொன்னதைத்தான் நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். "அதனாலதான் அப்பாகிட்ட சரின்னு சொன்னேன் அத்தை. இவங்ககிட்ட நான் ப… பயப்படாம பேசலாம். இவங்களும் எங்கிட்ட வார்த்தைய மாத்தாம பேசலாம். ரெண்டு பேருக்கும் அது எவ்வளவு ஓய்வுன்னு நெனச்சேன்." கொட்டகையில் வராத அழுகை எனக்கு அந்தக் கருப்பட்டிப் பெட்டிகளுக்கு நடுவில் வந்தது. எந்த நிமிஷத்தில் நீ அவளை வேண்டாம் என்று முடிவு செய்தாயோ, அதே நிமிஷத்தில், அதே காரணத்துக்காக, அவள் உன்னை வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாள். ஏலே, உன்னை இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு ஒருத்தி இவ்வளவு சரியாகப் பார்த்ததுண்டா?

நான் உன் பதிலைச் சொல்லவில்லை. "அவனே வந்து சொல்லுவான்" என்று மட்டும் சொன்னேன். அவள் முட்டாள் இல்லை, என் முகத்திலேயே தெரிந்திருக்கும். "வே… வேண்டாம்னு சொல்லுததா இருந்தாலும் வரச் சொல்லுங்க. அவங்க வாயால சொல்லட்டும். எவ்வளவு நேரமானாலும் நான் கேட்டுக்கிட்டு நிப்பேன்" என்றாள். திருமணம் நடக்குமோ நடக்காதோ, அந்தப் பெண்ணுக்கு நீ இதைக் கடன் வைக்கக் கூடாது.

உனக்காகப் பள்ளிக்கூடத்தில் பேசினேன், டாக்டரிடம் பேசினேன், சொந்தக்காரர்களிடம் பேசினேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பெற்றவள் பேசாமல் யார் பேசுவார்கள்? ஆனால் ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்வதற்கு என் வாயை வாடகைக்குக் கேட்காதே, தர மாட்டேன். லீவு போட்டுவிட்டு வா. தூத்துக்குடியில் இறங்கினால் வீட்டுக்கு வராதே, நேரே திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறு. நானும் வர மாட்டேன், உன் அப்பாவையும் அனுப்ப மாட்டேன். அவர்கள் கடைக்குப் போர்டு கிடையாது, சந்நிதித் தெருவில் யாரையாவது நிறுத்தி வாய் திறந்து கேட்டுத்தான் போக வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல், இன்ன காரணம் என்பதையும் சொல். சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன், அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஒருவேளை அங்கே போய் நின்ற பிறகு உன் வாயில் வேறு வார்த்தை வந்து, அதுவும் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டால், இருமாதே, மாற்றாதே, ஓடாதே. வியர்க்க வியர்க்க அங்கேயே நில். உன் வார்த்தை வருகிற வரைக்கும் பெட்டியைக் கீழே வைக்காமல் காத்திருக்கிற ஒரு கடைவாசல் இந்த ஜில்லாவில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அங்கேயும் நிற்க உனக்குத் தைரியம் இல்லை என்றால், வேறு எங்கே போய் நிற்கப்போகிறாய்?

உன் அம்மா